புதன்கிழமை இருபத்தெட்டு மணி

எங்கள் வீட்டில் இன்றைக்கு என்ன நாள் என்று கேட்டால் ஒரு பதில் கிடைக்காது. ஐயாவிடம் கேட்டால் இங்கிலீசுத் தேதி சொல்வார். எங்கள் வீட்டில் அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் அனுப்புகிறவர், லொறிக்காரரோடு புழங்கிப் புழங்கி அந்தத் தேதிதான் அவருக்கு வாயில் வரும். அம்மாவிடம் கேட்டால் வைகாசி பன்னிரண்டு, ஏகாதசி, இன்றைக்கு வெங்காயமே சமைக்கக் கூடாது என்பார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் கொழும்பிலிருந்து மூன்றாவதாக ஒரு கணக்கு வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவை எடுத்துவிட்டு, புத்த சமயத்தாரின் போயா நாளுக்கு லீவு என்று அரசாங்கம் சட்டம் போட்டது.

அந்தக் காலத்தை அனுபவிக்காதவர்களுக்கு இது கதை போல இருக்கும். பறுவம் என்கிற பௌர்ணமி, அமாவாசை, இரண்டுக்கும் இடையில் வருகிற வளர்பிறை அட்டமி, தேய்பிறை அட்டமி. மாதத்தில் இந்த நான்கு நாள்தான் லீவு. அதற்கு முதல் நாள் முன்போயா, அரை நாள் வேலை. ஞாயிறு வழமையான வேலை நாள். சந்திரன் நினைத்தால் ஒரு வாரத்துக்கு ஆறு நாள், நினைத்தால் எட்டு நாள். கந்தோரில் வேலை செய்கிற ஒருவர் லீவு எழுதும்போது 'போயா கழிந்து இரண்டாம் நாள்' என்று எழுத வேண்டும். எனக்கு இதெல்லாம் பெரிய கொண்டாட்டமாக இருந்தது. கணிதத்தில் பட்டம் எடுத்துவிட்டு, வேலை கிடைக்காமல், கொக்குவிலில் மதிலுக்குள் குந்திக்கொண்டிருந்தவளுக்கு மூளையைப் போட்டு உருட்ட ஒரு சாமான் கிடைத்ததே என்ற சந்தோஷம்.

கொண்டாட்டத்தில் ஒரு கண்டமும் இருந்தது. அட்டமியிலும் அமாவாசையிலும் யாழ்ப்பாணத்தில் ஒருவரும் நல்ல காரியம் தொடங்க மாட்டார்கள். அட்டமிக்கு அடுத்த நாள் நவமி, அதிலும் தொடங்க மாட்டார்கள். ஆக, லீவு உள்ள நாளில் முகூர்த்தம் இல்லை, முகூர்த்தம் உள்ள நாளில் லீவு இல்லை. கொழும்பில் வேலை பார்த்த மாப்பிள்ளைமார் எல்லாரும் இந்த இடுக்கில் அகப்பட்டு முழித்தார்கள். அவர்களில் ஒருவர் என் அத்தான்.

அத்தான் அம்மாவின் அண்ணையின் மகன். கொழும்பில் ஒரு பெரிய கந்தோரில் கொம்பியூட்டர் ஓட்டுகிறவர். ஓட்டுவது என்றால் காரோ பஸ்ஸோ இல்லை. ஒரு அறை நிறைய இரும்பு அலுமாரிகள், துளை போட்ட அட்டைகளைத் தின்றுவிட்டு விடையைத் தாளில் கக்கும். நான் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் ஃபோர்ட்ரான் படித்தவள். ஒரேயொரு தடவைதான் அப்படி ஒரு இயந்திரத்தைக் கண்ணால் கண்டேன், அதுவும் கண்ணாடிக்கு வெளியில் நின்று. அத்தான் அதற்குப் பக்கத்தில் நின்று சம்பளம் வாங்குகிறார் என்பதில் எனக்கு இருந்த பொறாமையைக் காதல் என்று சொன்னால் பிழையில்லை. காதலும் இருந்தது, அதை மறைப்பானேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் என்று இரண்டு வீட்டிலும் வெகுகாலமாகப் பேசி வைத்ததுதான். திடீரென்று அத்தானை இரண்டு வருடப் பயிற்சிக்கு இங்கிலாந்துக்கு அனுப்பக் கந்தோர் முடிவு செய்தது. ஐயா ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். தாலி கட்டிப்போட்டுக் கப்பல் ஏறட்டும், கட்டாமல் ஏறினவன் திரும்பி எந்தக் கோலத்தில் வருவான் என்று யார் கண்டது. கட்ட முடியாது என்றால் மானிப்பாயில் ஒரு சம்பந்தம் கேட்டு வந்திருக்கிறது, அதைப் பார்ப்போம் என்றார். அத்தானுக்குக் கிடைத்த லீவோ ஒரு துண்டு. அடுத்த மாதத்து வளர்பிறை அட்டமிப் போயா செவ்வாய்க்கிழமை வருகிறது. திங்கள் பின்னேரம் புறப்பட்டால், வியாழன் காலை ரெயிலில் திரும்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு பிரயாண ஆயத்தம், ஒரு மணி நேரமும் விடமாட்டார்கள்.

நாள் பார்க்கிற சாத்திரியார் பஞ்சாங்கத்தை விரித்தார். செவ்வாய் அட்டமி, விலக்கு. புதன் நவமி, விலக்கு. வியாழன் தசமி, நல்லது, ஆனால் மாப்பிள்ளை ரெயிலில். மூடிவிட்டார். ஐயா மானிப்பாய்க்காரரை வருகிற பறுவப் போயாவுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

எனக்கு வந்த கோபத்தில் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். சாத்திரியார் புதன்கிழமையை ஒரே கோடாகக் கீறி எறிந்துவிட்டார் அல்லவா? விடியும்போது என்ன திதியோ அதுதான் அன்றைய திதி என்பது அவர்கள் வழக்கம். ஆனால் பஞ்சாங்கத்தில் எந்தத் திதி எத்தனை நாழிகை மட்டும் என்று போட்டிருக்கும். நாள் தொடங்குவது சூரிய உதயத்தில். ஒரு நாளுக்கு அறுபது நாழிகை, ஒரு நாழிகைக்கு இருபத்துநாலு நிமிடம். புதன் நவமி ஐம்பத்துநாலு நாழிகையோடு முடிகிறது. பிறகு தசமி. அடுத்த விடியலுக்கு இன்னும் ஆறு நாழிகை கிடக்கிறது. அந்த ஆறு நாழிகைக்குள் எனக்கு ஒரு கலியாணம் ஒளிந்திருப்பது அப்போதே தெரிந்துவிட்டது.

தெரிந்து என்ன? கலியாணம் ஆகாத பெட்டை தன் முகூர்த்தத்தைத் தானே பார்த்துக்கொண்டு வந்து தகப்பனிடம் நீட்ட முடியுமா? வெட்கம் கெட்டவள் என்று ஊர் சிரிக்கும். சாத்திரியாரை விடக் கெட்டிக்காரியோ என்று ஐயா கேட்பார். ஆனால் கொம்பியூட்டருக்கு வெட்கம் இல்லை. அது பெட்டையும் இல்லை. அது சொன்னால் ஐயா கேட்பார். கொழும்பிலிருந்து வருகிற எதையும் அவர் கொஞ்சம் மரியாதையோடுதான் பார்ப்பார். என் வாய்க்குப் பதிலாக அந்த இரும்பு அலுமாரி பேசட்டும் என்று தீர்மானித்தேன்.

அந்த வாரம் நான் சாப்பிட்டேனா, குளித்தேனா என்று நினைவில்லை. அத்தான் முன்பு அனுப்பி வைத்த கட்டம் போட்ட தாள்கள் ஒரு கட்டு இருந்தது. ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து. இரண்டு மாதத்துத் திதி, நட்சத்திரம் எல்லாவற்றையும் பஞ்சாங்கத்திலிருந்து அதில் இறக்கினேன். பஞ்சாங்கம் '54-20' என்று போட்டால் நடுவில் இருக்கிற கோட்டைக் கண்டு நாழிகை வேறு, விநாடி வேறு என்று இயந்திரம் பிரித்து அறிய வேண்டும். வைகாசித் தேதியை இங்கிலீசுத் தேதிக்கு மாற்ற ஒரு வழி. இங்கிலீசுத் தேதியைப் போயாவுக்கு முன், பின் என்று மாற்ற இன்னொரு வழி. எல்லாவற்றையும் ஒரே எண்ணாக்கி, வருடப் பிறப்பிலிருந்து இது எத்தனையாவது நிமிடம் என்று வைத்துக்கொண்டால் மூன்று நாட்காட்டியும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்காமல் வரிசையில் நின்றன. ஐயாவும் அம்மாவும் சாத்திரியாரும் அரசாங்கமும் ஒரே நூலில். அதைக் கண்டபோது நான் அறைக்குள் எழும்பி நின்று கைதட்டினேன். என்ன சத்தம் என்று அம்மா குசினியிலிருந்து கேட்டார்.

கடைசியில் விடையை எழுதிக் காட்டும் வரி. உதயம் ஆறு மணி. தசமி பிறந்து இரண்டு நாழிகை கழித்து முகூர்த்தம் வைத்தேன், ஐம்பத்தாறு நாழிகை என்றால் இருபத்திரண்டு மணி இருபத்துநாலு நிமிடம். இரண்டையும் கூட்டினால் இருபத்தெட்டு மணி இருபத்துநாலு நிமிடம். நான் அதை அப்படியே விட்டேன். புதன்கிழமை இன்னும் முடியவில்லையே, விடிந்தால்தானே வியாழன்? புதனுக்குள் இருபத்தெட்டு மணி வந்தால் வரட்டும். எங்கள் ஊரில் ஒரு நாளுக்குள் நடுச்சாமம் அடங்கிக் கிடக்கும், அதை வெட்டி இரண்டாக்கும் பழக்கம் இல்லை.

தாள்களைத் தபாலில் போட்டுவிட்டு நான் தபால்காரனுக்குப் பார்த்திருந்த பார்வையை, மானிப்பாய் மாப்பிள்ளை பார்த்திருந்தால் அன்றைக்கே விலகியிருப்பார். போயா வந்து ஒரு நாள் தபாலைத் தின்றது. ஒருவழியாக உறை வந்தது. இரண்டு கரையிலும் ஓட்டை போட்ட அகலத் தாள், மடித்து மடித்து. அத்தான் கெட்டிக்காரர், ஐயாவின் பெயருக்குத்தான் அனுப்பியிருந்தார். ஐயா விறாந்தையில் கதிரையைப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து, தாளை விரித்தார். சாத்திரியாரையும் கூப்பிட்டு வைத்திருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரேயொரு வரி. ஐயா உரத்து வாசித்தார். புதன், நாலு மணி இருபத்துநாலு நிமிடம்.

"அதிகாலையோ பின்னேரமோ?" என்று அம்மா கேட்டார்.

அதிகாலை என்றார் ஐயா. அம்மா விரலை மடித்தார். ஒரு கணம்தான் பிடித்தது.

"புதன் விடிய முன்னம் நாலரை எண்டால் அது செவ்வாய்க்கிழமை இரவெல்லே. செவ்வாயிலை, நவமி பிறக்கிற நேரத்திலை ஆரும் தாலி கட்டுவினமோ?"

சாத்திரியார் இருமினார். சிரிப்பை அடக்குகிற இருமல். ஐயா தாளை மடித்தார். கொம்பியூட்டர் வெள்ளைக்காரன் செய்த சாமான், எங்கடை செவ்வாய் அதுக்குத் தெரியாது, பாவம் என்றார். அதோடு கதை முடிந்தது. அம்மாவின் முகத்தில் எனக்காக ஒரு வருத்தம் இருந்தது. சொந்த அண்ணையின் மகன் அல்லவா. ஆனாலும் செவ்வாய் செவ்வாய்தான், அதில் அம்மா தெய்வத்துக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

நான் அறைக்குள் போய்த் தலையணையைக் குத்தினேன். அழவில்லை, குத்தினேன். எங்கே போனது என் இருபத்தெட்டு? நாலு என்று நான் எழுதவே இல்லையே. கொஞ்ச நேரத்தில் எல்லாம் வெளித்தது. அத்தான் என் வரியைப் பார்த்திருப்பார். இருபத்தெட்டு மணி என்று ஒரு மணி உண்டா, பாவம் பெட்டை பிழை விட்டுவிட்டாள் என்று நினைத்திருப்பார். என்னைக் காப்பாற்றுகிற எண்ணத்தில் இருபத்துநாலைக் கழித்திருப்பார். கழித்தவர் நாளை ஒன்று கூட்ட மறந்துவிட்டார். கொழும்பில் நாலு வருடம் நடுச்சாமத்தில் நாள் மாற்றிப் பழகின மனுஷன், மணியை மாற்றிவிட்டுக் கிழமையை அப்படியே விட்டுவிட்டார். எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கணக்கு சரி. என் கணக்கு முழுக்கச் சரி. அந்தச் சந்தோஷத்தில் நான் கட்டிலில் இருந்து குதித்தேன்.

தபால் போய் வர நேரமில்லை. மானிப்பாய்க்காரர் வருவதற்கு இரண்டு நாள்தான் கிடந்தது. நூல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தபாற்கந்தோருக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். தந்தி எழுதுகிற தாளில் ஆங்கிலத்தில் எழுதினேன்: நாள் தொடங்குவது விடியலில், என் இருபத்தெட்டைத் திருப்பி வைக்கவும், பறுவத்துக்கு மானிப்பாய் வருகிறது. தந்தி அடிக்கிறவர் அதை இரண்டு தரம் வாசித்தார். என்னையும் ஒரு தரம் பார்த்தார். ஏதும் இரகசியச் சங்கேதமோ என்று கேட்டார். கலியாண விஷயம் என்றேன். அவருக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது, ஆனாலும் அடித்தார்.

அன்றிலிருந்து ஒரு பதிலும் இல்லை.

பறுவப் போயா அன்று காலையில் மானிப்பாய்க்காரர் காரில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை வரவில்லை. தகப்பனும் தாயும் மட்டும், வீடு வாசல் பார்த்துப் பேசிப் போக. தகப்பன் நல்ல மனுஷன் என்று பார்த்தவுடனே தெரிந்தது, அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். பஞ்சாங்கம் அவருக்கு விரல் நுனியில் என்று ஐயா முன்பே பெருமையாகச் சொல்லியிருந்தார். விறாந்தையில் இருந்து வெங்காய விலை, பிறகு மழை, பிறகு சாதகம் என்று பேச்சு நகர்ந்தது. என்னை இன்னும் கூப்பிடவில்லை. நான் சேலையைக் கட்டிக்கொண்டு, கதவுக்குப் பின்னால், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

வெளிப் படலை திறக்கிற சத்தம் கேட்டது. கையில் ஒரு பை, கமக்கட்டுக்குள் இடுக்கின ஒரு மடித்த தாள், சட்டையெல்லாம் ரெயில் கரி. அத்தான். முன்போயா அரை நாளில் கந்தோர் வெறுமையான பிறகு அட்டையைப் போட்டு ஓட்டிவிட்டு, அப்படியே இரவு மெயிலில் ஏறியிருக்கிறார். மானிப்பாய் வருகிறது என்று தந்தியில் அடித்தும், விறாந்தையில் இருக்கிறவர்கள் யார் என்று அவருக்கு உறைக்கவில்லை. நேரே வந்து ஐயா முன்னால் நின்றார்.

"மாமா, கணக்குப் பிழை இல்லை. நான்தான் இடையிலை கை வைச்சுப் பிழையாக்கிப் போட்டன்" என்று தாளை விரித்தார்.

ஐயாவுக்கு முகம் கறுத்தது. பிறகு பார்ப்போம், உள்ளே போய் முகம் கழுவு என்றார். வந்தவர்களிடம், மனைவியின் தமையன் மகன், கொழும்பில் வேலை என்று சொல்லி வைத்தார். ஆனால் ஓட்டை போட்ட தாளைக் கண்டால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? மானிப்பாய்ப் பெரியவர் கையை நீட்டி வாங்கினார். புதன், இருபத்தெட்டு மணி இருபத்துநாலு நிமிடம் என்று வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

இருபத்தெட்டு மணி கொழும்பில் படித்த பிள்ளைகள் புதிதாகக் கண்டுபிடித்த மணி என்று ஐயா பகிடி விட்டார். பெரியவர் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரல் கணுக்களை எண்ணத் தொடங்கினார். உதயத்தைக் கழித்தார். நாழிகை ஆக்கினார். உதடு அசைவதைக் கதவு நீக்கலால் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எண்ண எண்ண நானும் கூட எண்ணினேன். அவர் எங்கே தடக்குவார் என்று பயந்துகொண்டே எண்ணினேன். தடக்கவில்லை.

"புதன் ஐம்பத்தாறு நாழிகை" என்றார். "நவமி போய்த் தசமி வந்திட்டுது. அருமையான முகூர்த்தம். ஒரு குறை சொல்லேலாது."

அத்தான் ஐயாவைப் பார்த்தார். ஐயா விளக்கம் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பெரியவரின் முகம் மலர்ந்துவிட்டது. மனைவியின் பக்கம் திரும்பி, பார், எங்களைக் கேட்க முன்னமே முகூர்த்தம் வரை பார்த்து வைத்திருக்கிறார்கள், என்ன மாதிரி மனுஷர் என்று சொன்னார். மனைவியும் தலையை ஆட்டினார். எங்கள் பக்கம் சம்மதம் என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

நான் எழுதின நிமிடத்தில், நான் பிடித்துக் கொடுத்த தசமியில், என்னை மானிப்பாய்க்குக் கட்டிக் கொடுக்கப் போகிறார்கள். அத்தான் சுவரில் சாய்ந்த சாய்வில் இருந்து அசையவில்லை.

"ஆர் வைச்சது உந்த நேரம்? எந்தச் சாத்திரியார்?" என்று பெரியவர் கேட்டார். உண்மையாகவே அறிய ஆசைப்பட்டுக் கேட்டார்.

கொம்பியூட்டர் என்று யாராவது சொல்லட்டும் என்று ஒரு கணம் பார்த்தேன். தாள் அவர் கையில் சும்மா தொங்கியது. நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியில் வந்தேன்.

"நான் வைச்சனான்" என்றேன். "எனக்கும் அத்தானுக்கும்."

பெரியவர் என்னைப் பார்த்தார். சட்டையில் கரியோடு நின்ற அத்தானைப் பார்த்தார். பிறகு தாளை அது வந்த மடிப்பிலேயே மடித்து, எழும்பி வந்து, ஐயாவிடம் கொடுக்காமல் என் கையில் தந்தார். மனைவியைக் கூட்டிக்கொண்டு காரில் ஏறும்போதும் ஒரு கோபச் சொல் சொல்லவில்லை.

கார் படலையைக் கடந்து போகும் வரை ஐயா கதிரையிலேயே இருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டார். பிறகு அத்தானைப் பார்த்துக் கேட்டார்.

"வியாழக்கிழமை காலமை ரெயிலுக்கு ரண்டு ரிக்கற் எடுத்திட்டியோ?"